தட்டில் சுற்றிய சான்றிதழ்

எங்கள் கல்லூரியில் ஒற்றைக் கொலுசு தொலைந்தால்கூட மறுநாளைக்குள் கிடைத்துவிடும். நானே காலை அறிவிப்பில் வாசிப்பேன். "கேன்டீன் அருகே கண்டெடுக்கப்பட்ட கொலுசை, உரியவர் அடையாளம் கூறி அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்." குடை, டிபன் பாக்ஸ், அடையாள அட்டை, ஒருமுறை யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன பல் கம்பி, எல்லாம் உரிய கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் சான்றிதழ்கள் மட்டும் அதே அலுவலகத்து பீரோவில், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கிடந்தன. அவற்றுக்கு நான் என்ன அடையாளம் சொல்லியும் பயனில்லை.

என் பெயர் மாரீஸ்வரி. தமிழ்த்துறையில் உதவிப் பேராசிரியர். பாடம் நடத்துவது சம்பளத்துக்கு. ஊருக்குத் தெரிந்த என் வேலை மைக் பிடிப்பது. காலை அறிவிப்பு, விளையாட்டு விழா, பொங்கல் விழா, ரத்ததான முகாம், பேருந்து தடம் மாறினால் அது, குடிநீர் வராவிட்டால் அது, எல்லாம் என் தொண்டையில்தான். மொட்டைமாடியில் நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் திராட்சைப் பந்தல். அதில் மருந்தடிக்கிறவர்கள்கூட என் வணக்கத்தைக் கேட்டுத்தான் கஞ்சி குடிக்க உட்காருவார்களாம். நல்ல பெருமை! அந்தப் பெருமைதான் என் காலைக் கட்டியது.

இங்கே வேலைக்குச் சேர்ந்தால் பத்தாம் வகுப்பிலிருந்து வாங்கிய அசல் சான்றிதழ் அத்தனையையும் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். "பத்திரமா இருக்கும்" என்பார்கள். பத்திரமாகத்தான் இருக்கும், ஆனை வாயில் போன கரும்பு எவ்வளவு பத்திரமோ அவ்வளவு. வேறு வேலைக்கு யாரும் ஓடிவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் அரசு வேலைக்குத் தேர்வெழுதித் தேறியிருந்தேன். சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு, வெள்ளிக்கிழமை காலை. அசல் இல்லாமல் வருபவர்களின் வாய்ப்பு ரத்து செய்யப்படும் என்று செய்தி வந்திருந்தது. இன்னொரு முறை எழுத வயது இடம் கொடுக்காது. இது போனால் போனதுதான்.

திங்கட்கிழமை செயலாளர் அறைக்குப் போனேன். செயலாளர் தங்கப்பாண்டியன் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டமும், கம்பத்தில் ஏலக்காய் மண்டியும் உள்ளவர். நல்ல மனுஷர். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டுகிற ஆளென்றால் திருப்பித் திட்டிவிட்டுப் போகலாம். இவர் நாற்காலியைக் காட்டி, காபி வரவழைத்து, கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோல் விசாரிப்பார்.

"என்னத்தா, அம்புட்டு அவசரம்? வியாழக்கெழம பட்டமளிப்பு விழாவ வச்சுக்கிட்டு இப்பப் போயி கேக்குற! முடியட்டும், பாப்போம்."

செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன்.

"செவ்வாக்கெழமயும் அதுவுமா பீரோவத் தெறந்து எதையும் வெளிய குடுக்குறதில்லத்தா. எங்கப்பாரு காலத்துப் பழக்கம்."

புதன்கிழமை கரிநாள். அதை நாள்காட்டி பார்த்துச் சொன்னவர் அலுவலகக் கண்காணிப்பாளர் ஞானசெல்வி அக்கா. பீரோச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, இங்கே சாமியும் கொடுக்கவில்லை. மறுபடி செயலாளரிடமே போய்க் கேட்டேன்.

"அப்ப வியாழக்கெழம விழா முடிஞ்சதும் தந்துருவீகளா ஐயா?"

"பொழுது சாஞ்சுருமே. வெளக்கு வச்ச பெறகு எப்பிடிக் குடுக்குறது?"

"வெள்ளிக்கெழம வெள்ளன?"

"வெள்ளிக்கெழமயா!" அவர் நிஜமாகவே பதறினார். "வெள்ளிக்கெழம கையில இருக்கத வெளிய குடுத்தா லச்சுமி போயிருவாத்தா. சனிக்கெழம வா. என் கையாலயே தர்றேன். நீ எங்க வீட்டுப் பொண்ணுல்ல?"

சனிக்கிழமை அந்தக் காகிதங்களை வைத்து நான் வடை மடிக்கவா? இதைக் கேட்காமல் காபியைக் குடித்துவிட்டு வந்தேன். கேட்டிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது. வெளியே வந்து பார்த்தால் இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் மலை, நடுவில் நான்.

அன்று சாயங்காலம் வாசிக்கச் சொல்லி ஒரு அறிவிப்பு வந்தது. வாசித்தேன். "நாளை விழா நிறைவடைந்து, நாட்டுப்பண் இசைக்கப்பட்ட பின்னரே முதன்மை வாயில் திறக்கப்படும். மாணவியரோ பேராசிரியரோ எக்காரணம் கொண்டும் இடையில் வெளியேற அனுமதி இல்லை." குரல் ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்தி, அழகாக, இரண்டு முறை வாசித்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது.

வாயில் காவலர் முத்துவீரன் அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஆள் சொன்னால் கேட்க மாட்டார், ஒலிபெருக்கி சொன்னால்தான் கேட்பார். ஒருமுறை கணிதத்துறைத் தலைவரையே, "ஸ்பீக்கர்ல சொல்லச் சொல்லுங்க சார், தெறக்குறேன்" என்று வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை. தேனியிலிருந்து சென்னைப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் சூரியபிரகாஷ் துணிப்பையோடு வாயிலுக்கு வெளியே வண்டியில் காத்திருப்பதாக ஏற்பாடு. கையில் அசல் இல்லாமல் எந்தத் தைரியத்தில் சீட்டு எடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். கடைசி நேரத்தில் செயலாளர் மனம் இளகுவார் என்று ஒரு நப்பாசை.

பட்டமளிப்பு விழா என்று பெயரே தவிர, எங்கள் விழாவில் பட்டம் இருக்காது. பல்கலைக்கழகத்திலிருந்து பட்டங்கள் வந்து சேர மாதங்கள் ஆகும். அதனால் சிவப்பு வெல்வெட் அட்டைபோட்ட வெறும் கோப்பைச் சிறப்பு விருந்தினர் கொடுப்பார். பெண்கள் கறுப்பு அங்கியோடு வாங்கி, படத்துக்குச் சிரித்து, மறுபக்கம் இறங்கியதும் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது மேடைக்குப் பின்னால் போய், மறுபடி தட்டில் ஏறி, அடுத்த பெண்ணுக்கு வரும். பெண்கள் நூற்றுக்கணக்கில், கோப்புகள் ஒரு தட்டு நிறைய மட்டும். கல்யாணத்தில் ஒரே தாம்பாளத்தை ஏழு வரிசைக்குச் சுமப்பதில்லையா, அப்படி.

போன வருஷம் வந்த விருந்தினர் துடுக்கானவர். மேடையிலேயே கோப்பைத் திறந்து, "என்னங்க, உள்ள ஒண்ணுமில்ல!" என்று மைக்குக்குப் பக்கத்தில் கேட்டுவிட்டார். அரங்கமே சிரித்தது. தங்கப்பாண்டியனுக்கு அந்த அவமானம் ஆறவே இல்லை. இந்த வருஷம் ஒரு கோப்புகூட வெறுமையாக இருக்கக் கூடாது, முத்திரை போட்ட கெட்டிக் காகிதம் ஏதாவது உள்ளே இருந்தாக வேண்டும் என்று ஞானசெல்வி அக்காவுக்கு உத்தரவு. அக்கா பழைய பட்டங்களை நகலெடுத்து வைக்கலாம் என்று பார்த்திருக்கிறார். ஜெராக்ஸ் மிஷின் அன்றைக்கென்று மக்கர் பண்ணியிருக்கிறது. பிறகு அவர் செய்ததை அவரைத் தவிர இன்னொருத்தர் செய்ய முடியாது. அது எனக்கு மேடையேறிய பிறகுதான் தெரிந்தது.

விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. மதியம் வரவேண்டியவர் சாவகாசமாக வந்தார். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்புரை. கையில் கம்பியில்லா மைக்கோடு மேடை ஓரத்தில் நான். சேலை மடிப்புக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சூரியபிரகாஷ்தான். எடுக்க முடியுமா? ஆயிரம் கண் என்மேல்.

பெயர்களை வாசிக்க ஆரம்பித்தேன். பெண்கள் வந்தார்கள், வாங்கினார்கள், இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில், கீழே கோப்பு வாங்கும் பொறுப்பில் இருந்த ஜெபா மேடை ஓரமாக என்னிடம் ஏறி வந்தாள். என்னிடம் படிக்கிற பெண். கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் பேயறைந்த வெளுப்பு.

"மேம், ஒரு ஃபைலு உள்ள உங்க எம்.ஏ. பட்டம் இருக்கு மேம்."

மைக்கை உள்ளங்கையால் பொத்தினேன். "என்னடி சொல்ற?"

"சத்தியமா மேம். பிளஸ் டூ மார்க் ஷீட்டும் இருக்கு. போட்டோவுல ரெட்டச்சட போட்டிருக்கீக. எல்லா ஃபைல்லயும் ஸ்டாஃபோட ஒரிஜினல்தான் மேம் இருக்கு. ஆளுக்கு ஒரு ஃபைலு. ஞானசெல்வி மேம்தான் போட்டாகளாம்."

அடி ஆத்தாடி! திங்கட்கிழமை அசையாத பீரோ, செவ்வாய்க்கிழமை திறக்கக் கூடாத பீரோ, ஒரு விருந்தினர் உள்ளே எட்டிப் பார்த்துவிடுவார் என்ற பயத்தில் வாயைப் பிளந்துவிட்டது. வளாகத்துக்குள்ளேதானே சுற்றுகிறது, வெளியே கொடுக்கவில்லையே என்று அக்கா நினைத்திருப்பார். நாங்கள் ஏழெட்டு வருஷம் ராத்திரி பகலாகப் படித்து வாங்கியதெல்லாம் அவருக்குக் கனமான காகிதம்.

"எது, எந்த ஃபைலு?"

"ஓரத்துல தங்கக்கலர் பிஞ்சு தொங்கும் மேம்."

"எடுத்து ஒளிச்சு வச்சுக்கடி, தங்கம்."

"பின்னாடி ஞானசெல்வி மேம் எண்ணிக்கிட்டே நிக்கிறாக. ஒண்ணு கொறஞ்சாலும் கேட்டுருவாக."

செயலாளர் திரும்பிப் பார்த்தார். அடுத்த பெயர் வரவில்லையே என்று விருந்தினரும் பார்த்தார். "அப்ப ஒவ்வொரு தடவயும் அடியில வை. கடைசியா அதுதான் வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. என் குரலுக்கு அந்த வெட்கமே கிடையாது.

ஜெபா இறங்கிப் போவதற்குள் அது தட்டில் ஏறிவிட்டது. பிய்ந்த ஓரம் ஆடிக்கொண்டே வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு. கையை நீட்டி நடந்தால் எடுத்துவிடலாம். அந்த நாலு எட்டை எப்படி வைப்பது? அந்தக் கோப்பை வாங்க வேண்டிய பெண்ணின் பெயரை நானே வாசித்து, என் பட்டத்தை அவளுக்குக் கொடுக்க வைத்தேன். அவள் அம்மா முன்வரிசையில் எழுந்து நின்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடும் என் பட்டத்துக்குத்தான்.

அடுத்த சுற்றில் மேடை மின்விசிறி நின்றுவிட்டது. விருந்தினருக்கு வியர்த்தது. கையில் இருந்த கோப்பால் விசிறிக்கொண்டார். பிய்ந்த தங்க ஓரம் காற்றில் படபடத்தது. ஐயா, அது என் பிழைப்பு ஐயா, விசிறி இல்லை! கத்த வேண்டும்போல் இருந்தது. "இளங்கலை வணிகவியல்" என்று வாசித்தேன்.

பாதியிலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம் என்று பிறகு சூரியபிரகாஷ் சொன்னார். எப்படி ஓடுவது? பண்ணைப்புரத்திலிருந்தும் அனுமந்தன்பட்டியிலிருந்தும் தோட்டவேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மகள் பெயர் ஒருதடவை மைக்கில் கேட்க. அதை முழுங்கிவிட்டுப் போனால் எனக்குச் சோறு இறங்குமா? ஒரு பெயர் விடாமல் வாசித்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்துக்கொண்டே வந்தது. ஜெபா என்ன செய்தாளோ, அந்தக் கோப்பு பிறகு என் கண்ணில் படவே இல்லை. அக்கா கண்டுபிடித்துப் பீரோவில் வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கடைசிப் பெண் நதியா. விலங்கியல். அவள் வாங்கிக்கொண்டு இறங்கினாள். தட்டில் ஒரே ஒரு கோப்பு மிச்சம். ஓரம் பிய்ந்தது. ஜெபா, நீ நல்லாயிருப்படி!

மிச்சம் இருக்கிறதே என்று விருந்தினர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இனி யோசிக்க ஒன்றுமில்லை.

"மாரீஸ்வரி. முதுகலைத் தமிழ்" என்று வாசித்தேன்.

வாசித்துவிட்டு நானே நடந்தேன். ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்த கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. விருந்தினர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். படம் எடுத்தார்கள். தங்கப்பாண்டியனும் படத்துக்காகச் சிரித்தார். சிரிப்பை மாற்றாமலே பல்லிடுக்கில் சொன்னார்: "கீழ எறங்குனதும் ஃபைல ஞானசெல்வி கையில குடுத்துரணும்த்தா. எல்லாரும் குடுக்குறாகல்ல?"

"அடுத்து நன்றியுரை" என்று அறிவித்துவிட்டு மறுபக்கம் இறங்கினேன். பின்னால் எண்ணிக்கொண்டிருந்த அக்கா இப்போது அங்கே கை நீட்டி நின்றார். "வாங்க டீச்சர், குடுங்க" என்றார். ஒவ்வொரு பெண்ணின் கோப்பும் கடைசியில் போய்ச் சேர்ந்த அந்தக் கை. அதைக் கடந்து நடந்தேன். "டீச்சர்! ஏ டீச்சர்! எங்கன போறீக?" பிறகு ஓடினேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசல் வரைக்கும் ஓட்டம். வாயிற்கதவில் பூட்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் சூரியபிரகாஷ் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். "ஏ மாரி, பஸ்ஸு போயிரும்! சீக்கிரம் வா!"

"முத்துவீரண்ணே, கதவத் தெறங்க!"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து மரியாதையாக நின்றார். "நாட்டுப்பண் பாடலையே டீச்சர்."

"நான் சொல்றேன், தெறங்கண்ணே!"

"நீங்கதான டீச்சர் நேத்து ரெண்டு வாட்டி சொன்னீக? எக்காரணம் கொண்டும்னு சொன்னீகள்ல?"

அவர் கேலி செய்யவில்லை. அந்த மனுஷருக்குக் கேலியே வராது. மாடிக் குழாயிலிருந்து நன்றியுரை வழிந்துகொண்டிருந்தது. வரலாற்றுத் துறைப் பேராசிரியர் பந்தல் போட்டவருக்கும், பூ தொடுத்தவருக்கும், பந்தல்காரரின் மைத்துனருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அது இப்போதைக்கு முடியாது. திரும்பிப் பார்த்தால் அக்கா மூச்சிரைக்க ஓடி வருகிறார், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க. அவருக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செயலாளர்.

கம்பியைப் பிடிக்கக் கையை எடுத்தபோதுதான் பார்த்தேன். என் வலது கையில் மைக் இருந்தது. கொடுக்க மறந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். விளையாட்டு விழாவில் இதே வாசலில் நின்று ஓட்டப்பந்தயத்தை அறிவித்தவள் நான். இங்கே வரைக்கும் மைக் எடுக்கும்.

பொத்தானைத் தள்ளினேன்.

"இத்துடன் விழா இனிதே நிறைவடைகிறது. அனைவரும் எழுந்து நிற்கவும். நாட்டுப்பண்."

நான்கு திசையிலும் என் குரல். பந்தல்காரரின் மைத்துனருக்கான நன்றி பாதியில் நின்றது. ஒலிபெருக்கிக்காரர் யார் சொல்கிறார்கள், எங்கிருந்து சொல்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க மாட்டார், என் குரல் வந்தால் பாட்டைப் போட்டுவிடுவார். போட்டார்.

அரங்கத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம். ஞானசெல்வி அக்கா ஓடிவந்த வேகத்தில் வேப்பமரத்தடியில் அப்படியே நின்றார். செயலாளர் மடித்த வேட்டியை இறக்கிவிட்டு விறைப்பாக நின்றார். முத்துவீரன் அண்ணன் நெற்றியில் கை வைத்து பட்டாளத்து சல்யூட். வெளியே சூரியபிரகாஷும் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். நானும் நின்றேன், கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. யாராலும் என்னைப் பிடிக்க முடியாது. என்னாலும் ஓட முடியாது. செயலாளர் கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பாடுகிற பாட்டு இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசி ஜெய ஹே முடிந்தது. முத்துவீரன் அண்ணன் கையை இறக்கினார். சாவியைப் போட்டார். கதவைத் திறந்தார்.

"பாத்துப் போயிட்டு வாங்க டீச்சர்."

பேருந்தைப் பிடித்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூரியபிரகாஷ் வீரபாண்டி வளைவில் வண்டியை ஓட்டியதற்கு அவரைக் கும்பிடலாம், இல்லையென்றால் உதைக்கலாம்.

மறுநாள் காலை சென்னையில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் சிவப்பு வெல்வெட் கோப்பு. விசிறியதில் பட்டத்தின் ஒரு மூலை லேசாக மடங்கியிருந்ததைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. போன் அடித்தது. செயலாளர்.

"ஏத்தா, ஃபைலக் கொண்டுட்டுப் போயிட்ட, சரி. மைக்கயும்ல கொண்டுட்டுப் போயிட்ட?"

பையைத் துழாவினேன். அட, ஆமாம். சேலைக்கடியில் கிடந்தது.

"காலையில அறிவிப்பு வாசிக்க ஆளுமில்ல, மைக்குமில்ல. புள்ளைக எந்த பஸ்ஸுல ஏறணும்னு தெரியாம நிக்குதுக. யாரு கையிலயாச்சும் இன்னைக்கே குடுத்து விடுத்தா."

"இன்னைக்கா ஐயா?" என்றேன். "இன்னைக்கு வெள்ளிக்கெழம. கையில இருக்கத வெளிய குடுக்கக் கூடாதே."

அவர் போனை வைக்கவில்லை. அவர் மூச்சும், பின்னால் பிள்ளைகள் இரைச்சலும் கேட்டன.

அப்போது கூடத்து ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ ஒரு பெண், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், தூக்கக் கலக்கக் குரலில் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தாள். எனக்கு முந்தின பெயரை விழுங்கினாள். அடுத்து என் பெயரை வாசித்தாள்.

"மாரீஸ்வரி."

என் பெயரை இன்னொருத்தி வாசித்துக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! போனை அணைத்துவிட்டு, கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.